பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன்: கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கு

பெயரிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. கடலூரில் ஒரு பையன் ‘பி.ஏ. படிக்கிறேன்’ என்றால் ‘தமிழா, வரலாறா?’ என்று கேட்பார்கள். படிப்பை முடித்துவிட்டு ‘பி.ஏ.வாக இருக்கிறேன்’ என்றால், யாரோ ஓர் அமைச்சரின் நேர்முக உதவியாளர் என்று நினைத்து முதியோர் உதவித்தொகைக்குச் சிபாரிசு கேட்பார்கள். பிசிஷியன் அசிஸ்டென்ட் என்று முழுப் பெயரைச் சொன்னாலோ, ‘ஓ, கம்பவுண்டரா?’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஊர் குழம்புவதில் தவறில்லை. ஆனால் இந்தப் படிப்பில் சேர வருகிற மாணவர்களில் பலரும் அதே குழப்பத்தோடு வருகிறார்கள் என்பதை, பத்தாண்டுகளுக்கு மேலாக ஓர் இதய அறுவைப் பிரிவில் இந்தப் பணியைச் செய்துவருபவன் என்ற முறையில் பார்த்துவருகிறேன். பிளஸ் டூ முடிவு வெளியாகும் வாரத்தில் கடலூர் முதுநகரிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் பாகூரிலிருந்தும் தெரிந்தவர்கள் மூலமாக எனக்கு வரும் அழைப்புகளில் ‘சீட் கிடைக்குமா?’ என்ற கேள்விதான் இருக்கும். கிடைத்தால் அதைப் படிக்கவும், படித்தபின் அந்த வேலையைச் செய்யவும் தாம் தயாரா என்று தம்மையே கேட்டுப் பார்த்துவிட்டு வருபவர்கள் மிகச் சிலரே. அந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கு, விண்ணப்பம் போடுவதற்கு முந்தைய ஓரிரு மாதங்களில் என்னென்ன செய்து பார்க்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேலை எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பணி 1965-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் தொடங்கிய பயிற்சியில் பிறந்தது. கடற்படையில் மருத்துவ உதவி செய்து பழகிய நால்வரை முதல் அணியாகச் சேர்த்து, மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளியைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். இந்தியாவுக்கு அது சென்னை வழியாக வந்தது: 1992-இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை நிபுணர் டாக்டர் கே. எம். செரியன் இந்தப் பயிற்சியைத் தொடங்கிவைத்தார். இப்போது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் இது பி.எஸ்சி. பட்டமாக இருக்கிறது. மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டு இன்டர்ன்ஷிப்பும் என்பது இங்கே பழகிய அமைப்பு. 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் இந்தப் பணியைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்த ஆணையம் 2025-இல் வெளியிட்ட பொதுப் பாடத்திட்டங்களில் ‘பிசிஷியன் அசோசியேட்’ என்ற பெயரில் இதற்கும் ஒன்று உண்டு. ஆகவே நீங்கள் சேரும் ஆண்டில் படிப்பின் பெயர் எது, காலம் எவ்வளவு என்பதை அந்த ஆண்டுத் தகவல் கையேட்டைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும். இரண்டு ஆண்டுக்கு முன் சேர்ந்த பக்கத்து வீட்டு அக்கா சொல்வதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

வேலையின் உருவம் தெரிய, எங்கள் பிரிவின் ஒரு நாளைச் சொல்கிறேன். காலை ஆறரை மணிக்கு ஐ.சி.யூ.வுக்குள் நுழைந்து, முந்தைய நாள் அறுவை முடிந்தவர்களுக்கு இரவில் சிறுநீர் எவ்வளவு போயிருக்கிறது, நெஞ்சிலிருந்து வரும் டிரெய்னில் (வடிகுழாயில்) எவ்வளவு இரத்தம் வடிந்திருக்கிறது, காய்ச்சல் உண்டா, இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எப்படி என்பவற்றைச் சேகரித்து, அறுவை நிபுணர் ரவுண்ட்ஸ் வரும்போது ஒவ்வொரு படுக்கையின் முன்னும் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும். பிறகு ஆபரேஷன் தியேட்டர். பைபாஸ் என்றால், நிபுணர் நெஞ்சுப் பக்கம் வேலை செய்யும்போது, பயிற்சி பெற்ற பிசிஷியன் அசிஸ்டென்ட் காலிலிருந்து இரத்தக்குழாயை எடுத்துக்கொடுப்பார். முடிவில் தையல் போடுவார். பிற்பகலில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நோய் விவரம் கேட்டு, உடலைப் பரிசோதித்து, கேஸ் ஷீட் எழுத வேண்டும். வீட்டுக்குப் போகிறவர்களுக்கு டிஸ்சார்ஜ் சம்மரி தயாரிக்க வேண்டும். காப்பீட்டுத் திட்டத்துக்கு அனுப்ப வேண்டிய குறிப்புகளும் பல மருத்துவமனைகளில் இவர் தலையில்தான் விழும். மாலையில் நோயாளியின் வீட்டாரிடம், நிபுணர் ஆங்கிலத்தில் ஐந்து சொற்களில் சொல்லிப் போனதை, ஐந்து நிமிடத் தமிழாக விரித்துச் சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் செய்பவர், தாமே நோயை முடிவு செய்து மருந்து எழுத முடியாது. தனியாகக் கிளினிக் வைக்க முடியாது. பெயருக்கு முன் ‘டாக்டர்’ போட முடியாது. எல்லாமே ஒரு மருத்துவரின் மேற்பார்வையில், அவர் பொறுப்பில் நடக்க வேண்டும். பட்டம் வாங்கியதும் ஊரில் ஊசி போடச் சொல்லிக் கூப்பிடுவார்கள், ‘நீதான் படிச்சிருக்கியே, ஒரு மாத்திரை எழுதிக் கொடேன்’ என்பார்கள். பதிவு பெற்ற மருத்துவராக இல்லாமல் மருத்துவம் செய்தால், 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சித்தப்பாவுக்குக் கூட மறுத்துச் சொல்ல உங்களால் முடியுமா என்பதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று காலைப் பொழுதுகளை மருத்துவமனையில் கழியுங்கள்

அமெரிக்காவில் இந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்களிடம், நோயாளிகளோடு நேரடியாகப் பணியாற்றிய அனுபவம் ஆயிரம் மணி நேரத்துக்குக் குறையாமல் வேண்டும் என்று பல கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. நம் ஊரில் பதினேழு வயதில் பள்ளியிலிருந்து நேரே வருகிறோம். அப்படி ஒரு நிபந்தனை இல்லை. நிபந்தனை இல்லாததாலேயே அதை நீங்களாகச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆயிரம் மணி நேரம் முடியாது. இருபது மணி நேரம் முடியும்.

வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். உறவினரோ அண்டை வீட்டாரோ மருத்துவமனைக்குப் போகும்போது துணைக்குப் போங்கள். மஞ்சக்குப்பத்தில் உள்ள கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையோ, கோரிமேட்டில் ஜிப்மரோ, கதிர்காமத்தில் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரியோ, எதுவானாலும் சரி. விடியற்காலைப் பேருந்தில் வந்து ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையில் நிற்பதிலிருந்து, மருந்து வாங்கிக்கொண்டு திரும்புவது வரை உடன் இருங்கள். யார் யார் என்னென்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள்: பேராசிரியர் யார், முதுநிலை மாணவர் யார், ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) யார், ஸ்டாஃப் நர்ஸ் எதைச் செய்கிறார், டெக்னீஷியன் எதைச் செய்கிறார். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நான் மேலே சொன்ன வேலைகளில் பெரும்பகுதியை ஹவுஸ் சர்ஜன்களும் முதுநிலை மாணவர்களும் செய்துவிடுவதைப் பார்ப்பீர்கள். பிசிஷியன் அசிஸ்டென்ட்டுகளுக்கு வேலை பெரும்பாலும் தனியார் பெரிய மருத்துவமனைகளில் அமைவது இதனால்தான். முடிந்தால் அப்படி ஒரு மருத்துவமனையில் இந்தப் பணியில் இருப்பவர் ஒருவரைக் கண்டு, வேலை முடிந்து அவர் தேநீர் குடிக்கும் கால் மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். ‘சம்பளம் எவ்வளவு?’ என்பதை இரண்டாவதாகக் கேளுங்கள். ‘போன வாரம் உங்களுக்கு மிகவும் வெறுத்துப்போன நேரம் எது?’ என்பதை முதலில் கேளுங்கள்.

அங்கே இருக்கும்போது உங்கள் உடல் என்ன சொல்கிறது என்பதையும் பாருங்கள். சீழ் நாற்றம், இரத்தம், வலியில் கத்தும் குரல் ஆகியவற்றின் நடுவே உங்களால் நிற்க முடிகிறதா? முதல் நாளே முடியாவிட்டால் தகுதியில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். நான் முதன்முதலாகத் தியேட்டரில் நின்றபோது, காலையில் எதுவும் சாப்பிடாமல் போயிருந்தேன்; முக்கால் மணி நேரத்தில் கண் இருட்டி, சுவரோரமாகச் சரிந்தேன். சிஸ்டர் ஒருவர் கால்களைத் தூக்கிவைத்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, ‘நாளைக்கு நாலு இட்லி சாப்பிட்டுட்டு வா’ என்றார். மறுநாள் சாப்பிட்டுவிட்டுப் போனேன், நின்றேன். பெரும்பாலானவர்களுக்கு இது பழகிவிடும். பழகாதது வேறொன்று: இரவு டியூட்டி, தொடர்ந்து பல மணி நேரம் நிற்பது, ஞாயிறும் பொங்கலும் வார்டில் கழிவது. மாசி மகத்தன்று ஊரே தேவனாம்பட்டினம் கடற்கரையில் இருக்க, நீங்கள் ஐ.சி.யூ.வில் டிரெய்ன் அளந்துகொண்டிருப்பீர்கள்.

கேட்டு எழுதும் சோதனை

எல்லாச் சோதனைகளிலும் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். செலவில்லை, வீட்டிலேயே செய்யலாம்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ நாள்பட்ட நோயுள்ள பெரியவர் ஒருவர் இருப்பார். அவருடைய அனுமதியோடு அருகில் உட்கார்ந்து, இருபது நிமிடத்தில் அவருடைய நோயின் கதையைக் கேளுங்கள். எப்போது தொடங்கியது, முதலில் என்ன தெரிந்தது, எங்கே காட்டினார்கள், என்ன மருந்து, நடுவில் நிறுத்தினாரா, ஏன் நிறுத்தினார், இப்போது என்ன தொந்தரவு என்பதையெல்லாம் கேட்டுவிட்டு, ஒரே பக்கத்தில், காலவரிசைப்படி எழுதுங்கள். பிறகு அவரிடம் உள்ள பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் விட்டது எது? அவர் சொல்லாமல் விட்டது எது? அவர் சொல்லியும் நீங்கள் காதில் வாங்காதது எது?

இது எளிதாகத் தோன்றும், ஆனால் எளிதன்று. பாட்டியிடம் ‘எப்போதிலிருந்து சர்க்கரை?’ என்று கேட்டால், ‘உங்க அத்தை கல்யாணத்துக்கு முன்னாடி’ என்பார். அத்தையின் கல்யாணம் எந்த ஆண்டு என்று கண்டுபிடிப்பதும் உங்கள் வேலைதான். ‘தானே புயல் அடிச்சப்பதான் மொதல்ல மயக்கம் வந்துச்சு’ என்றால், அது 2011 டிசம்பர் என்று உங்கள் மனம் உடனே கணக்குப் போட வேண்டும்.

சொற்களும் அப்படித்தான். ‘வலி’ என்று பாடநூல் ஒரே சொல்லில் முடித்துவிடுவதை நம் மக்கள் குத்துது, குடையுது, கடுக்குது, இழுக்குது, எரியுது, சுருக்குன்னு தைக்குது என்று வேறுவேறாகச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒரு தடயம். நெஞ்சைக் கரிக்கிறது என்பவரும் நெஞ்சை அடைக்கிறது என்பவரும் ஒரே தொந்தரவைச் சொல்லவில்லை. முதலாமவருக்கு இரைப்பை அமிலமாக இருக்கலாம். இரண்டாமவரை உடனே ஈ.சி.ஜி. எடுக்க அனுப்ப வேண்டும். அதே நேரத்தில், மாரடைப்பு வந்தவரே சில சமயம் ‘வாயு புடிச்சிருக்கு’ என்று வந்து நிற்பார் என்பதால், சொல்லை மட்டும் நம்பியும் இருந்துவிட முடியாது. கிறுகிறுப்பு என்றால் தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டும். மேலுக்கு முடியலை என்றால் காய்ச்சலா, அசதியா, மனச்சோர்வா என்று பொறுமையாகத் தோண்ட வேண்டும். இந்த இடத்தில் ஆங்கிலப் பள்ளியில் படித்த மாணவரை விட, வீட்டில் தாத்தா பாட்டியோடு வளர்ந்த கிராமத்து மாணவர் ஒரு படி முன்னால் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து பைபாஸுக்காக ஒரு மீனவர் வந்து சேர்ந்தார். ‘வேறு நோய் ஏதாவது இருக்கிறதா, அதற்கு மருந்து சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டேன். ‘இல்லை’ என்றார். எழுதிக்கொண்டேன். மறுநாள் அவருடைய மருமகள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த மாத்திரைகளில் க்ளோபிடோக்ரெல் இருந்தது. இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை அது. பைபாஸுக்கு ஐந்து நாள் முன்னதாக நிறுத்துவது வழக்கம். முன்பு எப்போதோ ஸ்டென்ட் வைத்தபோது கொடுத்ததை அவர் நிறுத்தவேயில்லை. அவர் பொய் சொல்லவில்லை: அது இதயத்துக்கான மாத்திரை, ‘வேறு நோய்’க்கு உரியது அன்று. கேள்வியைத் தவறாகக் கேட்டவன் நான். அறுவையைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து, ‘வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் பையோடு எடுத்துவந்து இந்த மேசையில் கொட்டுங்கள்’ என்பதுதான் என் முதல் வாக்கியம்.

இந்தச் சோதனையை மூன்று பேரிடம் செய்து பாருங்கள். மூன்றாவது பக்கம் முதல் பக்கத்தை விடத் தேறியிருக்கிறதா என்பதை விட, மூன்றாவது ஆளிடம் போய் உட்காரும்போது உங்களுக்கு ஆர்வம் இருந்ததா, சலிப்பு இருந்ததா என்பதே முக்கியம். சலிப்புத் தட்டியது என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேறு நல்ல படிப்புகள் இருக்கின்றன. கருவியோடு வேலை செய்வது பிடிக்கும் என்றால் பெர்ஃபியூஷன் (அறுவையின்போது இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குவது), கார்டியாக் டெக்னாலஜி, டயாலிசிஸ், ரேடியாலஜி ஆகியவற்றைப் பாருங்கள். ஆய்வகத்தின் அமைதி பிடிக்கும் என்றால் அதற்கும் பட்டம் உண்டு. பேச்சும் கேள்வியும் எழுத்தும் கையும் சேர்ந்த வேலை வேண்டும் என்பவருக்கு உரியதுதான் இது.

நீட் எழுதியவர்கள் தனியாகப் படிக்க வேண்டிய பகுதி

ஒரு முறையோ இரு முறையோ நீட் எழுதி, எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்காமல், ‘அதற்கு அடுத்தது இதுதானே’ என்று வருகிறவர்கள் ஏராளம். இதை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தொழிலின் நல்ல ஊழியர்களில் பலர் அந்த வழியாக வந்தவர்கள்தாம். ஆனால் அவர்கள் தம்மைச் சோதித்துக்கொள்ளக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் தவறாக இருக்கிறது. ‘நாளைக்கே எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தால் இதை விட்டுவிடுவேனா?’ என்று கேட்டுக்கொள்கிறார்கள். யாராயிருந்தாலும் விட்டுவிடுவார்கள், அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

இப்படிக் கேட்டுப் பாருங்கள். எட்டு ஆண்டுகள் கழிகின்றன. உங்களோடு பிளஸ் டூ படித்த தோழி, அதே பிரிவில் டியூட்டி டாக்டராகச் சேர்கிறார். அந்தப் பிரிவின் வழக்கங்கள் அவரை விட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இரவு இரண்டு மணிக்கு ஒரு நோயாளியின் நாடித்துடிப்பு மாறுகிறது. உங்களுக்குக் காரணம் புரிகிறது. அவருக்கு இன்னும் புரியவில்லை. அப்போதும் மருந்தை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். அவர் மனம் நோகாமலும், நோயாளிக்குத் தாமதம் ஆகாமலும், ‘மேடம், பொட்டாசியம் ஒருமுறை பார்த்துவிடலாமா?’ என்று உங்களால் சொல்ல முடியுமா? அவர் கேட்காவிட்டால், தயங்காமல் மூத்த நிபுணரை அழைக்க முடியுமா? மறுநாள் ரவுண்ட்ஸில் பாராட்டு அவருக்குப் போனால், அதை மனத்தில் வைத்துப் புழுங்காமல் வீட்டுக்குப் போய்த் தூங்க முடியுமா?

இதற்கு ‘ஆம்’ என்று முழு மனத்தோடு சொல்ல முடியாதவர், இன்னும் ஓராண்டு நீட் எழுதிவிட்டு வருவதில் தவறில்லை என்பது என் கருத்து. மனத்தாங்கலோடு வந்தவர் மூன்றாம் ஆண்டில் கசந்துபோய், யாரோடும் ஒட்டாமல் நிற்பதைக் கண்டிருக்கிறேன். வீட்டார் ‘எங்க வீட்டு டாக்டர்’ என்று உறவினர்களிடம் அறிமுகப்படுத்தும்போது, சிரித்துக்கொண்டே ‘டாக்டர் இல்லைங்க, டாக்டரோடு வேலை செய்கிறேன்’ என்று திருத்துகிறவர்தான் இதில் நிலைத்து நிற்கிறார்.

மதிப்பெண்ணும் மொழியும்

இதை விரைவாகச் சொல்லிவிடலாம். இயற்பியல், வேதியியலோடு உயிரியலையோ, தாவரவியல் விலங்கியலையோ படித்துத் தேறியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் தரவரிசை தயாரித்து இடம் கொடுத்துவருகிறது. வழக்கமாக மே, ஜூன் மாதங்களில் விண்ணப்பம் திறக்கும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் பதினேழு வயது நிரம்பியிருக்க வேண்டும்.

தமிழ்வழியில் படித்தவர்களைப் பயமுறுத்துவது முதலாண்டுதான். கல்லீரல், மண்ணீரல், கணையம் என்று படித்தவற்றை லிவர், ஸ்ப்ளீன், பாங்கிரியாஸ் என்று மறுபடியும் படிக்க வேண்டியிருக்கும், தேர்வும் ஆங்கிலத்தில்தான். பொதுத்தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும் வரையுள்ள மாதங்களில், உங்கள் உயிரியல் பாடநூலின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மனித உடல் பற்றிய பாடங்களை மட்டும் நாளுக்கு இரண்டு பக்கம் படியுங்கள். இரண்டுமே அரசு வெளியிடுபவை, இலவசமாகக் கிடைப்பவை. இந்த உழைப்பைச் சலிக்காமல் செய்து முடித்த மாணவர் மொழியால் தோற்றதை நான் பார்த்ததில்லை.

பணம், கல்லூரி, பிழைப்பு

அரசுக் கல்லூரி இடத்துக்கும் தனியார் இடத்துக்கும் கட்டணத்தில் பெரும் வித்தியாசம் உண்டு. நான்கு ஆண்டுக்கும் சேர்த்து, விடுதி, உணவு, சீருடை, புத்தகம், தேர்வுக் கட்டணம் அனைத்தையும் ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்துச் சேர்ந்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் நிலப் பத்திரத்தைத் தேடும் வீடுகள் நம் பக்கத்தில் குறைவில்லை. நான்கு லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் வழக்கமாக அடமானம் கேட்பதில்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பேருந்துக்கும் புத்தகத்துக்கும் அது உதவும்.

கல்லூரியைப் பார்க்கும்போது கட்டடத்தை விட மருத்துவமனையைப் பாருங்கள். படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்களா, அறுவைப் பிரிவுகள் நடக்கின்றனவா, இன்டர்ன்ஷிப் அங்கேயா வெளியிலா, உதவித்தொகை உண்டா, பாடம் நடத்துபவர்களில் இந்தப் பணியைச் செய்த ஒருவராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது என்பதை எழுத்தில் பாருங்கள். பேருந்து நிலையச் சுவரொட்டியில் ‘ஓராண்டு டிப்ளமோ, உடனடி வேலை’ என்று காண்பது இந்தப் பட்டம் அன்று. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் கல்லூரியிடம் எச்சரிக்கையாக இருங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அதைத் தடை செய்திருக்கிறது.

வேலை பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர் பணிகளுக்கு வருவது போல் இதற்கு அரசு வேலை அறிவிப்புகள் அடிக்கடி வருவதில்லை. அரசு வேலையே குறி என்றால், அந்தப் படிப்புகளைப் பாருங்கள். வாய்ப்பு அதிகமாக இருப்பது சென்னை, கோவை, பெங்களூர் போன்ற நகரங்களின் தனியார் மருத்துவமனைகளில். புதுச்சேரியில் ஓரளவு உண்டு. கடலூரிலேயே இருந்து வேலை பார்க்க வேண்டும் என்பவருக்குக் கதவுகள் குறைவு.

‘இதைப் படித்தால் அமெரிக்கா போகலாமாமே?’ என்ற கேள்வி தவறாமல் வரும். நர்சிங் படித்தவர்கள் அந்த நாட்டுத் தேர்வை எழுதிப் போவது போல் இது நடப்பதில்லை. அங்கே இந்தப் பணிக்கான தேசியச் சான்றிதழ்த் தேர்வை எழுத, அந்நாட்டு அங்கீகாரம் பெற்ற கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டும். அங்கே அது முதுநிலைப் பட்டம். ஏறத்தாழ இரண்டேகால் ஆண்டு. நம் பட்டத்தை வைத்துக்கொண்டு, அங்கே கேட்கும் பாடங்களையும் அனுபவ நேரத்தையும் நிறைவு செய்து, மறுபடியும் முழுக்கப் படிக்க ஆகும் செலவை ஏற்க முடிந்தவருக்குத்தான் அந்த வழி. ஏஜென்ட் வேறு மாதிரி சொன்னால், எழுத்தில் கேளுங்கள்.

எல்லையோரத்துச் சான்றிதழ்ச் சிக்கல்

நம் பகுதிக்கே உரிய தொந்தரவு இது. வீடு தமிழ்நாட்டில், பள்ளி புதுச்சேரியில் என்று வளர்ந்த பிள்ளைகள் இங்கே நிறைய. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்தவரிடம் தேர்வுக் குழு வழக்கமாக இருப்பிடச் சான்றிதழ் கேட்பதில்லை. ஓராண்டு எல்லை தாண்டிப் படித்திருந்தாலும் கேட்கும். புதுச்சேரியில் அந்த அரசின் மாணவர் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாகப் போகிறவர், தொடர்ந்து ஐந்தாண்டு அங்கே குடியிருந்ததற்கான சான்று காட்ட வேண்டும். ஜிப்மரின் துணை மருத்துவப் பட்டங்களுக்கு நீட் மதிப்பெண் அடிப்படை என்பதால், பெர்ஃபியூஷன் போன்றவற்றையும் மனத்தில் வைத்திருப்பவர் நீட்டை விட்டுவிட வேண்டாம். சாதி, வருமானம், முதல் பட்டதாரி, இருப்பிடம் ஆகிய சான்றிதழ்களுக்கு ஏப்ரலிலேயே இ-சேவை மையத்திலோ தாசில்தார் அலுவலகத்திலோ மனுக் கொடுத்துவிடுங்கள். ஜூனில் போனால் ஊரே அங்கே நிற்கும். பெயரின் எழுத்துகளும் முதலெழுத்தும் ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவற்றையெல்லாம் செய்து பார்த்த பிறகும் விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தால், கல்லூரி திறக்கும்வரை காத்திராமல் இரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்கான தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. ஜூனில் தொடங்கினால் டிசம்பரில் முடியும். குழந்தைப் பருவத்திலேயே போட்டிருந்தால் அந்த அட்டையைத் தேடி எடுத்து, மருத்துவரிடம் காட்டி, மறுபடியும் தேவையா என்று கேட்டுக்கொண்டு, சான்றிதழ்க் கோப்பிலேயே அதையும் வைத்துவிடுங்கள்.